உடையாத டைட்டானிக்

அமெரிக்க எழுத்தாளர் கிளைவ் கஸ்லர், டிர்க் பிட் என்ற சாகச நாயகனை வைத்து எழுதிய வரிசையில் 1976இல் வெளிவந்த ‘ரெய்ஸ் தி டைட்டானிக்’ (டைட்டானிக்கைத் தூக்கு) நாவலைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “அந்தக் கப்பல்தான் இரண்டாக உடைந்து கிடக்கிறதே, அதைத் தூக்குவதாவது!” என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். நாவலில் டைட்டானிக் முழு உடலோடு மேலே வருகிறது. 1985 செப்டம்பர் 1ஆம் தேதி கடலாய்வாளர்கள் ராபர்ட் பல்லார்டும் ழான் லூயி மிஷேலும் கண்டுபிடித்த கப்பலோ சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் முன்பகுதி ஓரிடம், பின்பகுதி வேறிடம் எனக் கிடந்தது. இந்த ஒரு காரணத்துக்காக நாவல் காலாவதியாகிவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கப்பல் உடைந்ததைக் கண்ணால் பார்த்ததாக உயிர்தப்பியவர்கள் பலர் சொல்லியும், அது உடையாமல் மூழ்கியதாகவே 1912இல் பிரிட்டிஷ் விசாரணை முடிவு செய்தது. கஸ்லர் எழுதிய காலத்தில் ஏடுகளில் இருந்த டைட்டானிக் அதுதான்.

நாவலில் கப்பலைத் தேடும் பகுதியில் அவர் கணித்தது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கடலடி நீரோட்டத்தை ஆராயப் போன நீர்மூழ்கிக் கலம் ஒன்றின் கண்ணில் கார்னெட் என்னும் ஊதுகருவி படுகிறது. மேலே கொண்டுவந்து துடைத்துப் பார்த்தால், டைட்டானிக்கின் உரிமையாளரான ஒயிட் ஸ்டார் கப்பல் நிறுவனம் தன் இசைக்கலைஞர் ஒருவருக்குப் பரிசளித்ததாக அதில் பொறித்திருக்கிறது. அந்தச் சின்னஞ்சிறு பொருளை வைத்தே கப்பல் கிடக்கும் இடத்தை நெருங்குகிறார்கள். (உண்மையான டைட்டானிக்கில் வாசித்த எட்டுப் பேரிடமும் ஊதுகருவி கிடையாது, நரம்புக் கருவிகளும் பியானோவும்தான்.) ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பல்லார்டும் சிதறிய பொருள்களின் தடத்தைத்தான் தேடினார், கேமராவில் முதலில் அடையாளம் தெரிந்தது கப்பலின் கொதிகலன். அந்தப் பயணத்துக்குப் பின்னால், மூழ்கிப்போன திரெஷர், ஸ்கார்பியன் என்ற இரு அணுசக்தி நீர்மூழ்கிகளை ஆராயும் அமெரிக்கக் கடற்படையின் ரகசியப் பணி இருந்தது பிற்பாடுதான் வெளியே வந்தது. நாவலிலும் டைட்டானிக்கைத் தூக்குவதற்கான உண்மைக் காரணம், அதில் இருப்பதாக நம்பப்படும் பைசானியம் என்ற கற்பனைக் கனிமத்தை நாடும் ராணுவ ரகசியம்தான்.

கப்பலைத் தூக்கும் அத்தியாயங்களுக்காகவே இந்த நூலை மறுபடி மறுபடி எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் கிட்டத்தட்ட 400 கிலோ அழுத்தும் ஆழத்தில், ஓட்டைகளை அடைத்து, உள்ளே காற்றைச் செலுத்தி, சேற்றின் பிடியிலிருந்து கப்பலை விடுவிக்கும் வேலையை ஒரு மேஸ்திரியின் பொறுமையோடு எழுதியிருக்கிறார். அது நடக்கக்கூடியதா என்று பொறியாளர்கள் ஆயிரம் கேட்கலாம். படிக்கிறபோது நமக்கு மூச்சு முட்டுகிறது. மனிதர்களைப் படைப்பதில் அவருக்கு அந்தக் கவனம் இல்லை என்பது உண்மை. பெண்கள் வெறும் நிழலாக வந்து போகிறார்கள். எதிராளிகளாக வரும் ரஷ்யர்கள் எல்லோரும் ஒரே அச்சு.

ஆனால் கடல் மீது கஸ்லர் கொண்ட காதல் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. கதையில் டிர்க் பிட் வேலை பார்க்கும் நூமா என்ற கடலாய்வு நிறுவனத்தின் பெயரிலேயே 1979இல் உண்மையான அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864இல் எதிரிக் கப்பலைத் தகர்த்துவிட்டு எட்டுப் பேரோடு காணாமல் போன ஹன்லி நீர்மூழ்கியை, அந்த அமைப்பின் குழு 1995இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் கடலில் கண்டுபிடித்தது. 2000 ஆகஸ்டில் அதை மேலே தூக்கினார்கள். டைட்டானிக்கைத் தாளில் தூக்கிய மனிதர், உயிரோடிருந்தபோதே இதைப் பார்த்தார் என்பதில் எனக்குப் பெரிய நிறைவு.

நாவலைப் படிக்காதவர்கள், அந்தப் பழைய கப்பல் இழுவைப் படகுகளின் பின்னால் நியூயார்க் துறைமுகத்துக்குள் நுழையும் பக்கங்களையாவது படியுங்கள். 1912 ஏப்ரலில் அது போய்ச் சேர வேண்டியிருந்த துறைமுகம் அது.