கடைசி மூன்று வாரம் அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் சபைக் கமிட்டி கூடியது. மலாவியில் ஐந்து வருடமாக ஊழியம் செய்யும் எங்கள் ஊர்ப் பெண் அடுத்த மாதம் திரும்பி வருகிறாள். வரவேற்பு எப்படி என்பதுதான் பேச்சு. ஒன்றேகால் மணி நேரக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம், பேனரில் தமிழ் மேலே வருவதா மலையாளம் மேலே வருவதா என்பதிலேயே போனது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. காலை ஆராதனை தமிழ், அடுத்தது மலையாளம், கமிட்டிச் சண்டை இரண்டும் கலந்து. கேரளத்தில் பிவிசி ஃப்ளெக்ஸுக்குத் தடை இருப்பதால் துணியில் அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு எடுத்த உருப்படியான முடிவு அது ஒன்றுதான்.

அப்புறம் செயலாளர் போனை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். பிள்ளைகளோடு எடுத்த போட்டோ இருபது வேண்டும். ஐந்து நிமிட வீடியோ வேண்டும், பின்னால் குடிசை தெரிகிற மாதிரி. மேடையில் போட்டுக்கொள்ள அந்த ஊர் உடுப்பு ஒன்று வேண்டும். ஊழியத்தின் கனிகள், எண்ணிக்கையோடு வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவள் ஒரே பதில்தான் போட்டிருந்தாள்: “சரி அண்ணா, பார்க்கிறேன்.”

அந்தப் ‘பார்க்கிறேன்’ எனக்குத் தெரியும். நானும் அப்படி எழுதியவன்தான். கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன், சாயா வந்துவிட்டது, யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் 2009 முதல் 2017 வரை டான்சானியாவில், ஷின்யாங்கா பகுதியில் ஒரு கிராமத்து மிஷன் கிளினிக்கில் லேப் டெக்னீசியனாக இருந்தேன். மிஷனெரி என்றதும் மரத்தடியில் பிரசங்கம் செய்கிற ஆளை நினைத்துக்கொள்கிறோம். எட்டு வருடமும் நான் குனிந்து மைக்ராஸ்கோப் பார்த்தவன். பிரசங்கம் என்று செய்தது மொத்தம் ஆறோ ஏழோ, அதிலும் இரண்டு சுவாஹிலியில் தப்புத் தப்பாக.

எனக்கு முன்னால் அங்கே இருந்த ஊழியர் கிளம்புகிற மாதத்தில் ஒரு கிணறு தோண்டத் தொடங்கினாராம். ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். பத்துப் பன்னிரண்டு அடியில் பாறை வந்தது, அவருக்கு டிக்கெட் தேதியும் வந்தது. நான் போய்ச் சேர்ந்த முதல் வாரமே ஊர்க்காரர்கள் என்னை அழைத்துப்போய் அந்தக் குழியைக் காட்டினார்கள். “இதை எப்போது முடிப்பீர்கள்?” இந்தக் கேள்வி எட்டு வருடமும் என் காதில் விழுந்தது. குழிக்குள் மழைக்காலத்தில் தவளை, வெயில் காலத்தில் குப்பை, ஒரு தடவை ஒரு ஆட்டுக்குட்டி. கடைசி வாரங்களில் புதிதாக ஒன்றையும் தொடங்கக் கூடாது என்பதை எனக்கு அந்தக் குழிதான் சொல்லித் தந்தது.

ஆனால் தொடங்காமல் இருப்பது சுலபம். கையை எடுப்பதுதான் கஷ்டம்.

என்னிடம் ஒரு பெண் வேலை பழகினாள். அந்த ஊர்க்காரி. மலேரியா ஸ்லைடு போடுவதிலிருந்து எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வட்டமாகத் தடவ வேண்டும். காய விட்டு ஜீம்சா சாயம் ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்துப் பைய கழுவ வேண்டும். அப்புறம் லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். கிருமி தெரிந்தால் உடனே சொல்லிவிடலாம். இல்லை என்று சொல்லத்தான் பொறுமை வேண்டும். நூறு இடமாவது நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகுதான் ‘இல்லை’ என்று ரெஜிஸ்டரில் எழுதலாம். ஆரம்பத்தில் அவள் சாயத் தூசியையெல்லாம் மலேரியா என்று எழுதினாள். முதல் ஒரு வருடம் நான் திட்டாத நாள் இல்லை. வேலை முடிந்தால் லென்ஸிலிருந்து எண்ணெயைத் துடை, துடை, துடை.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். இனி அந்த ஸ்டூலில் நான் உட்காருவதில்லை. வெளியே நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், அவளாகக் கூப்பிட்டால் ஒழிய உள்ளே போவதில்லை. முதல் இரண்டு நாள் அவள் ஆறேழு தடவை கூப்பிட்டாள். மூன்றாம் நாள் கூப்பிடவே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் காய்ச்சலோடு ஒரு குழந்தையைத் தூக்கிவந்தார்கள். உடம்பு கொதிக்கிறது. அவள் பார்த்துவிட்டு மலேரியா இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வீட்டுக்குப் போனதும் லேபுக்குள் போய் அந்த ஸ்லைடைத் தேடியெடுத்து, திருடன் மாதிரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நூறு இடம் எண்ணினேன். ஒன்றும் இல்லை. அவள் எழுதியது சரி.

மறுநாள் காலை அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மைக்ராஸ்கோப்பைத் திறந்து, லென்ஸை டிஷ்யூவால் துடைத்து, அதில் ஒட்டியிருந்த எண்ணெயை எனக்குக் காட்டினாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலத்திலிருந்து ஸ்லைடுப் பெட்டிக்குப் பூட்டு வந்தது. சாவி அவள் கழுத்துக் கயிற்றில்.

எட்டு வருடத்தில் நான் செய்த ஊழியம் என்ன என்று கேட்டால் அந்தச் சாவியைத்தான் சொல்வேன். இதை வீடியோவில் எப்படி எடுப்பது? எந்தக் குடிசையைப் பின்னால் வைப்பது?

கடைசி வாரங்களில் வேறு வேலைகளும் உண்டு. பெர்மிட் காகிதம், கடைக்காரர் நோட்டில் இருந்த பாக்கி, சைக்கிள் விற்பது. மெத்தை யாருக்கு, அடுப்பு யாருக்கு என்று வாசலில் வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும், இன்னும் போகவே இல்லையே என்று. பக்கத்து வீட்டுத் தாத்தா மட்டும் எதையும் கேட்கவில்லை, தன் மண்வெட்டியைத் திருப்பித் தரச் சொன்னார். நம் ஊரில் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம். சுவாஹிலியில் சொல்வது இன்னும் கறாரானது: விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடு. அவர் நான் வந்த புதிதில் அந்தச் சொல்லை அப்படியே செய்தவர். அந்த மண்வெட்டியில்தான் நான் வீட்டுக்குப் பின்னால் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு நட்டேன். அவர்கள் அதை மிஹோகோ என்பார்கள், காய வைத்து இடித்து மாவாக்கிக் களி கிண்டுவார்கள். நான் வேக வைத்து, காய்ந்த ஏரி மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எட்டு வருடம் என் வீட்டிலேயே கிடந்ததால் அந்த மண்வெட்டி அவருடையது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நம் பக்கத்துச் சரித்திரத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) கன்னியாகுமரிப் பக்கத்து மைலாடிக்கு வந்தார் என்று ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்தோம். வந்த வருடம் கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். போன வருடத்தை யாரும் கேட்டதில்லை. 1816இல் உடம்பு கெட்டுப்போய்க் கிளம்பினார். கடல் பயணம் போகிறவருக்கு மேலே போட ஒரு கோட்டு கூட இல்லை என்று சென்னையில் அவரைப் பார்த்தவர் எழுதியிருக்கிறார். கப்பல் ஏறியவர் அப்புறம் என்ன ஆனார், எங்கே செத்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வரவேற்பு விழா நடத்த ஆளே கிடைக்கவில்லை. ஆனால் சபைகளை மைலாடிக்காரர் வேதமாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். அடுத்த மிஷனெரி மீட் ஐயர் 1818இல் வந்து சேரும்வரை ஏறக்குறைய இரண்டு வருடம், வெள்ளைக்காரர் யாரும் இல்லாமல், நம் ஆள் நடத்தினார். நாம் வந்தவர்களின் பெயரை ஹாலுக்கு வைக்கிறோம். நடுவில் இருந்த அந்த இரண்டு வருடத்துக்கு எந்த ஹாலும் இல்லை.

மீட் ஐயர் வேறு வகை. அவர் போகவே இல்லை. தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்ணை மணந்ததால் மிஷனிலிருந்து விலக வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் ஊருக்குத் திரும்பாமல் திருவிதாங்கூர் சர்க்கார் வேலையில் பள்ளிக்கூடங்களைக் கவனித்துக்கொண்டிருந்து, 1873இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அதற்கான துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. போகத்தான் போகிறோம் என்றால் ஒழுங்காகப் போக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நானே ஒழுங்காகப் போகவில்லை என்பது வேறு விஷயம். ஊருக்கு வந்த பிறகு ஆறு மாதம், அந்த லேப் பெண்ணிடம் தினமும் வாட்ஸ்அப்பில் கேட்டேன். இன்றைக்கு எத்தனை ஸ்லைடு, சாயம் எவ்வளவு மிச்சம், போட்டோ எடுத்து அனுப்பு. களியக்காவிளையில் பஸ் மாறும்போதுகூட நின்றுகொண்டு மங்கலான ஸ்லைடு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவளிடமிருந்து இரண்டே சொல் வந்தது: “முவாலிமு, பும்சிகா.” வாத்தியாரே, ஓய்வெடுங்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி மலாவியிலிருந்து அந்தப் பிள்ளை கூப்பிட்டாள்.

“மாமா, மருந்து ரெஜிஸ்டரை யார் கையில் கொடுக்கணும்? ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் சீனியர். இன்னொருத்தர் சின்னவங்க, ஆனா கணக்கைச் சரியா எழுதுவாங்க.”

“எழுதுறவங்ககிட்ட கொடு மக்களே.”

“சீனியர் கோபப்படுவாரே.”

“படட்டும். உன் கையிலதான் டிக்கெட் இருக்கே.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அது சரியா மாமா? கோபத்தை அவங்க தலையில வச்சிட்டு நான் ப்ளேன் ஏறிப் போறது?”

எனக்குப் பதில் வரவில்லை. கடைசியில், ரெண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசு, அவசரப்படாதே என்றேன். “அதுக்கு ஒரு வாரமாவது வேணும் மாமா. அந்த வாரம்தான் செயலாளர் அண்ணா வீடியோ கேக்கறாங்க” என்றாள்.

அவள் அம்மாவிடமும் பேசினேன். அவருக்குப் பேனரில் எந்த மொழி மேலே வந்தாலும் கவலையில்லை. “புள்ள வந்து நாலு நாளு கெடந்து ஒறங்கட்டு அண்ணா, பொறவு மேடையில ஏத்துங்க” என்றார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானும் அவரும் மட்டும் போவதாக இருக்கிறோம். அவள் வந்து சேருவது விடியற்காலை, வீட்டில் மரச்சீனியும் சாளைக் கறியும்.

செயலாளர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அண்ணே, இருபது போட்டோ கட்டாயம் வேண்டுமென்றால் என்னிடம் பழையவை இருக்கின்றன, டான்சானியாவில் எடுத்தவை. குடிசையும் தெரியும். நம் சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.