புத்தகப் பார்சலும் சிவப்பு மையும்

பக்கத்து வீட்டுப் பெண் ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். "வூட்ல உக்காந்துக்கினு போன்ல படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா தம்பி?" என்று அவள் அம்மா நேற்று கேட்டார். நானும் தபாலில் பி.காம். முடித்தவன். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

ஆனால் அந்த அக்கா கேட்டதில் பாதி நியாயம். முதல் முறை நான் சேர்ந்தபோது பெரிய பார்சலாகப் புத்தகங்கள் வந்தன. அவ்வளவுதான் படிப்பு. தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை, கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் ஹார்பருக்கும் அலைந்துவிட்டு தண்டையார்பேட்டை வந்து சேர ஒன்பது ஆகும். பார்சல் பரணுக்குப் போனது. தொடர்பு வகுப்பு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தார்கள். ஒரு ஹால் நிறைய ஆட்கள். "முக்கியமான கேள்வி மட்டும் சொல்லுங்க சார்" என்பதே எல்லோருக்கும் இருந்த ஒரே சந்தேகம். அக்கவுண்ட்ஸில் 22 மார்க்.

என்னைத் தேற்றியது ஓய்வுபெற்ற ஒரு கணக்கர். பாடம் நடத்த மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சனிக்கிழமை ராத்திரிக்குள் போட்ட கணக்கை அவர் தெருமுனை டீக்கடையில் கொடுத்துவிட வேண்டும். திங்கள் காலை அதே கடையில் திருத்திய தாள் இருக்கும். ஒருமுறை நொடித்துப்போன கூட்டாளியின் பற்றாக்குறையை, மற்ற கூட்டாளிகளுக்கு லாப விகிதத்தில் பிரித்து எழுதியிருந்தேன். சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில்: "கார்னர் - மர்ரே! மூலதன விகிதம். மறுபடி போடு." அந்தப் பெயருள்ள இங்கிலாந்து வழக்கில் வந்த விதி அது: நொடித்தவரின் பற்றாக்குறையை மற்றவர்கள் தங்கள் மூலதன விகிதத்தில்தான் சுமக்க வேண்டும். இன்றைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யோசித்தால் அதுவும் தொலைதூரக் கல்விதான், தபால்காரருக்குப் பதில் டீ மாஸ்டர்.

அதனால் எனக்கு வீடியோ பாடங்கள் மேல் பெரிய மயக்கம் கிடையாது. இங்கிலாந்தில் 1969-ல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்றால் டிவியில் பாடம் நடத்தினார்கள் என்பதுதான் பேச்சு. ஆனால் மாணவர் அனுப்பிய தாளை ஒரு ஆசிரியர் படித்து, குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியதுதான் அங்கே முக்கியமான வேலை. இங்கே இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவிலும் அசைன்மென்டுக்கு மார்க் உண்டு, ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. நடப்பு என்ன? ஜெராக்ஸ் கடையில் எழுதி முடித்த அசைன்மென்டே விலைக்குக் கிடைக்கிறது. வாங்குபவனை மட்டும் திட்ட எனக்கு வாய் வராது, நானும் காப்பியடித்தவன்தான். யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த தாளில் எவன் மெனக்கெட்டு எழுதுவான்? திருத்துபவருக்கு மரியாதையான சம்பளம், ஒருவருக்கு இத்தனை தாள்தான் என்ற வரம்பு, இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற கெடு. இதற்குச் செலவழிக்காமல் ஸ்டூடியோ கட்டுவது வீண் என்பது என் கட்சி.

இடம் இன்னொரு பிரச்சினை. ஒற்றை அறை வீட்டில் சீரியல் ஓடும்போது எங்கே உட்காருவது? படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தர 2024-ல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி இந்தப் பக்கமும் தெருவுக்கொன்று வந்தால் புண்ணியம்.

சரி, அந்தப் பெண்ணிடம் வருகிறேன். 2020-ல் ஆரம்பித்த படிப்பு அது. வாராவாரம் அசைன்மென்ட், தள்ளிப்போட முடியாத கெடு, தேர்வை நேரில் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். பாதியில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் இதையெல்லாம் விளக்கிவிட்டு, "யாரும்மா திருத்துறாங்க?" என்று அவளைக் கேட்டேன். "பாதிக்கு மேல கம்ப்யூட்டரே மார்க் போட்டுடும் அண்ணா. தப்புன்னு காட்டும். எந்த ஸ்டெப்ல சறுக்கினேன்னுதான் புரிய மாட்டேங்குது" என்றாள். நோட்டைக் காட்டினாள். நிகழ்தகவு. எனக்கு அது கஸ்டம்ஸ் டாரிஃபை விடக் கடினம்.

தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை பக்கம் புள்ளியியல் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். வாரம் ஒரு தாள், சிவப்புப் பேனாவோடு. டீ என் கணக்கு.