கையால ஒட்டாதீங்கப்பா!

கும்பகோணத்துல உரக்கடைகளுக்கு பில் போடுற சாஃப்ட்வேரைப் பராமரிக்கிறேன். முன்னாடி எழுதினவர் சர்வருக்குப் போற இணைய முகவரியை, அதான் யூஆர்எல்லை, கோட்ல வெறும் பிளஸ் குறி போட்டு ஒட்டியிருக்கார். கடைப் பேர்ல '& சன்ஸ்' வந்தா போச்சு; யூஆர்எல்ல & தான் தகவல்களைப் பிரிக்கிற குறி, அதனால அதுக்குப் பின்னாடி இருக்கறதை வேற பாராமீட்டர்னு, அதாவது தனித் தகவல்னு, எடுத்துக்குது சர்வர். பில்லுல பாதிப் பேர்தான் வருது. 'தஞ்சாவூர்'ங்கற ஒரு பேரு என்கோட் ஆனாலே, அதாவது யூஆர்எல்லுக்கு ஏத்த % குறியீடா மாறினாலே, 81 எழுத்து. அதை மறுபடியும் என்கோட் பண்ணி, ஒவ்வொரு % குறியையும் %25 ஆக்கி வெச்சிருக்காங்க! தேடினா எப்படிக் கிடைக்கும்? சம்பா நடவு நேரத்துல விவசாயி கவுன்ட்டர்ல காத்துக்கிட்டு நிக்கிறார், பாவம். பிரவுசர்லயே யூஆர்எல்சர்ச்பாராம்ஸ்னு ஒரு ரெடிமேட் வசதி இருக்கு. பேரையும் மதிப்பையும் கொடுத்தா என்கோடிங்கை அதுவே பார்த்துக்கும். ரெண்டு வரி வேலை. அதை எழுத என்னய்யா கஷ்டம்?