பாசியில் பாக்டீரியா இருந்தால் கடல் கெட்டுவிட்டதாகப் பொருளல்ல

கேரளக் கரையிலுள்ள விழிஞ்ஞம் பாறையில் எடுத்த உல்வா என்ற பச்சைப்பாசி முழுக்க பாக்டீரியா, அதனால் குமரி மாவட்ட நீரோடி வரை சாக்கடை கலந்துவிட்டது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. இது சரியில்லை. எவ்வளவு சுத்தமான கடலிலும் இந்தப் பச்சைப்பாசியின் மேல் பாக்டீரியா படலமாக ஒட்டித்தான் இருக்கும்.

அது இல்லாவிட்டால் பாசிக்கே உருவம் வராது. ஆய்வகத்தில் பாக்டீரியாவை முழுக்க நீக்கி வளர்த்தால் இலை மாதிரி விரியாமல் வெறும் செல் குவியலாக நின்றுவிடுகிறது. ரோசியோவேரியஸ், மாரிபாக்டர் என்ற இரண்டு பாக்டீரியா வகைகளைச் சேர்த்தால் போதும், ஒன்று செல் பிரிவதைத் தூண்டுகிறது, மற்றது பாறையைப் பிடிக்கும் வேரிழையையும் செல் சுவரையும் உருவாக்க உதவுகிறது. பாக்டீரியா உண்டாக்கி, பாசிக்கு இப்படி உருவம் கொடுக்கும் தாலுசின் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் கண்டறிந்தார்கள். எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம் இது.

ஆனால் பாசி திடீரென்று மண்டிப்போனால் உங்கள் கவலை நியாயம்தான். கழிவுநீரின் நைட்ரஜன் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அப்போதும் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை, எண்டரோகாக்கஸ் பாக்டீரியாக்கள் எவ்வளவு என்று தண்ணீரைத்தான் சோதிக்கச் சொல்ல வேண்டும்.