புகாரைப் பற்றி ஒரு புகார்

(பொன்னேரியில் ஒரு வேப்பமரத்தடி. மனு எழுதும் பெரியவரின் எதிரே பழவேற்காட்டு மீனவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார்.)

மீனவர்: ஐயா, எங்கள் ஏரியின் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டதால் படகுகள் எளிதில் கடலுக்குப் போக முடியவில்லை. தூர்வாரித் தரும்படி கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தாருங்கள்.

பெரியவர்: 'முகத்துவாரம் அடைத்துக்கொண்டது' என்று மொட்டையாக எழுதினால், மூக்கடைப்பு என்று நினைத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள், தம்பி. 'கழிமுகம்' என்று எழுதட்டுமா?

மீனவர்: 'கழி' என்று தொடங்கினாலே கழிவுநீர் லாரி வந்து நிற்கும், ஐயா. அதுவுமின்றி, இரண்டும் ஒன்றல்ல. ஆற்று நீரும் உப்பு நீரும் கலந்து ஏறி இறங்கும் பரப்பு முழுவதும் கழிமுகம். அங்கிருந்து கடலுக்குத் திறக்கும் வாசல் மட்டுமே முகத்துவாரம். அடைத்திருப்பது வாசல்.

பெரியவர்: அழகான பழைய சொல் ஒன்று உண்டு. காவிரி கடலில் புகும் இடத்துக்குப் புகார் என்று பெயர்; சிலப்பதிகாரத்தின் முதல் காண்டமே புகார்க் காண்டம். ஆகவே, 'புகாரில் மணல் சேர்ந்துள்ளது பற்றிய புகார்' என்று தலைப்பிடலாம்.

மீனவர்: புகாரின் மேல் தூசி சேர்வதுதானே வழக்கம், மணல் எப்படிச் சேர்ந்தது என்று கேட்பார்கள், ஐயா.

பெரியவர்: வேறு ஊர்களில் என்னதான் சொல்கிறார்கள்?

மீனவர்: என் மைத்துனர் குமரி மாவட்டத்து மணக்குடிக்காரர், பழையாறு கடலில் சேரும் இடத்தை அவர் 'பொழி' என்பார். இங்கே அப்படி எழுதினால், எத்தனை சென்டிமீட்டர் பொழிந்தது என்று வானிலை நிலையத்தைக் கேட்பார்கள். கொழும்பில் களனி கங்கை கடலில் விழும் பக்கத்துக்கு ஊர்ப்பெயரே முகத்துவாரம்தான். ஆகவே அதையே எழுதுங்கள்.

பெரியவர்: சரி, அதுவே இருக்கட்டும். அடைப்புக்குக் காரணம்?

மீனவர்: கரையோர நீரோட்டம் மணலைத் தள்ளிவந்து வாயில் போடுகிறது, கோடையில் அதை எதிர்த்துத் தள்ள ஆரணியாற்றிலும் காலங்கியிலும் தண்ணீர் இல்லை. வாய் மூடினால், கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் வளர்வதற்கு ஏரிக்குள் வர முடியாது. உள்ளே நிற்கும் தண்ணீரும் வெயிலில் வற்றி உப்பேறிவிடும். இன்ஜின் விசிறி மணலில் உரசாதபடி தூக்கிவைத்துவிட்டு, நாங்கள் இறங்கித் தோள்கொடுத்துப் படகைத் தள்ளுகிறோம். கடலைத் தொடுவதற்குள் பெட்டியிலிருக்கும் ஐஸ் பாதி கரைந்துவிடுகிறது.

பெரியவர்: (எழுதியபடியே) முகத்துவாரத்தின் நிலையான முகவரி?

மீனவர்: நிலையான முகவரியா? வடகிழக்குப் பருவமழை வெள்ளம் மணல் திட்டை எங்கே உடைத்துக்கொண்டு போகிறதோ, அதுதான் முகவரி. பிறகு அதுவும் மெல்ல நகர்ந்துவிடும்.

பெரியவர்: அப்படியானால், 'மனுவில் குறிப்பிடப்பட்டவர் அடிக்கடி வீடு மாறுபவர்' என்று எழுதிவிடுகிறேன்.

மீனவர்: தாராளமாக எழுதுங்கள், ஐயா, ஆதார் அட்டை கேட்டால் மட்டும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.