எரிமலைக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை

அறிவியல் கண்காட்சி என்றாலே நம் தொடக்கப் பள்ளிகளில் ஒரு எரிமலை கட்டாயம் இருக்கும். அட்டையில் மலை, உள்ளே ஆப்ப சோடா, மேலே வினிகர், கொஞ்சம் சிவப்புச் சாயம். பொங்கி வழிந்ததும் எல்லோரும் கை தட்டுவோம். பக்கத்தில் நிற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒப்பிக்கும். நடுவில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாவம், மறுபடியும் வணக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். மலையைச் செய்தது அப்பா, எழுதிக் கொடுத்தது டீச்சர். அந்தப் பிள்ளை தானாகப் பார்த்துச் சொன்னது அதில் என்ன இருக்கிறது?

கை தட்டலாம், தப்பில்லை. அதைச் செயல்வழிக் கல்வி என்று கணக்கில் எழுதும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அறிவியலில் முதலில் வர வேண்டியது உற்றுநோக்குவது. அதற்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, விடையை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது. சொல்லிவிட்டால் அப்புறம் பிள்ளை பொருளைப் பார்க்காது, நம் முகத்தைத்தான் பார்க்கும்.

என் வகுப்பில் நான் அடிக்கடி செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். ஆளுக்கொரு வேர்க்கடலை, தோலோடு. (கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று முதலில் வீட்டில் விசாரித்துவிடுங்கள். இருந்தால் வேப்பிலையோ கூழாங்கல்லோ போதும்.) "உன் கடலையைப் பார்த்து எழுது" என்று மட்டும் சொல்வேன். இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். "பழுப்பாக இருக்கிறது. நீளமாக இருக்கிறது." அவ்வளவுதான். எல்லாக் கடலையையும் வாங்கி முறத்தில் போட்டுக் குலுக்கி, "சரி, இப்போ அவரவர் கடலையை எடுங்க" என்பேன். வகுப்பே ரணகளமாகிவிடும். ஒரே கடலைக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடுவார்கள். எழுதியதைப் படித்துக் காட்டினால் மூன்றிலும் பழுப்பு, நீளம்.

இரண்டாம் சுற்றில் யாரும் அவசரப்படுவதில்லை. கடலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போவார்கள், காதில் வைத்து ஆட்டுவார்கள். "மூக்கு இடது பக்கம் வளைஞ்சிருக்கு." "இடுப்புல கறுப்பா ஒரு புள்ளி." "ஆட்டினா ஒரு பருப்புதான் சத்தம் போடுது, இன்னொண்ணு ஒட்டிக்கிச்சு போல." மூன்றாம் சுற்றில் குறிப்பைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும், அவன் அதை வைத்தே முறத்திலிருந்து எடுக்க வேண்டும். அங்கேதான் "பெருசு" என்ற சொல் மாட்டிக்கொள்ளும். எதை விடப் பெருசு? சண்டை முற்றியதும் யாராவது ஒருவர் பையிலிருந்து அடிஸ்கேலை எடுப்பார். இன்னொருத்தி பாவாடை நூலை உருவிக் கடலையின் வயிற்றைச் சுற்றி அளப்பாள். அளவை ஏன் வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கடைசியில் பாடப்பொருளை உரித்துத் தின்றுவிடுவோம், அது தனி மகிழ்ச்சி.

எறும்பும் நல்ல வாத்தியார். பார்ப்பதற்கு முன்னால் நினைவிலிருந்து ஒரு எறும்பை வரையச் சொல்லுங்கள். நாலு கால், எட்டுக் கால், வயிற்றில் முளைத்த கால் எல்லாம் வரும். அழிக்கச் சொல்லாதீர்கள். சுவரோரம் கொஞ்சம் சர்க்கரை போட்டு, கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, மறுபடி வரையச் சொல்லுங்கள். ஆறு கால், ஆறும் நடு உடம்பிலிருந்து கிளம்புகின்றன என்பதை யாராவது ஒரு பிள்ளை கத்திச் சொல்லும். அப்புறம் நோட்டில் நடுவே ஒரு கோடு போட வையுங்கள்: ஒரு பக்கம் "பார்த்தது", மறுபக்கம் "நினைத்தது". "ரெண்டு எறும்பு முத்தம் கொடுத்துக்குச்சு" என்பது எந்தப் பக்கம்? எங்கள் வகுப்பில் இதற்கு அரைமணி நேரம் வழக்கு நடந்தது. "உணர்கொம்பை உணர்கொம்பால் தொட்டது" இடது பக்கம், முத்தம் வலது பக்கம் என்று தீர்ப்பானது. பெரியவர்கள் பலருக்கே இந்தக் கோடு போட வருவதில்லை, வாட்ஸாப் குழுக்களைப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது நிழல். திறந்த இடத்தில் ஒரு குச்சி, தரையில் சாக்பீஸ் குறி. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று நாம் வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் கோவைப் பக்கம் பிப்ரவரியில் அளந்து பாருங்கள், 12.35 வாக்கில்தான் அது மிகக் குட்டையாகும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, கோவை அதற்கு மேற்கே 77 டிகிரியில் இருக்கிறது, அதிலேயே 22 நிமிடம் போய்விடும். மீதி, பூமி சூரியனைச் சுற்றும் விதத்தால் மாதத்துக்கு மாதம் கூடிக் குறைவது. நவம்பர் தொடக்கத்தில் அளந்தால் 12.06 வரும். இன்னொரு வேடிக்கை, ஜூன், ஜூலையில் கோவையில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் கடைசியில் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய ஒரு சாண் நீளம்.

நாலாம் வகுப்புக்குத் தீர்க்கரேகை விளக்கம் தேவையில்லை. ஆனால் பிள்ளை 12.35 என்று எழுதிக்கொண்டு வரும்போது, "பக்கத்துலதானே இருக்கு, 12னு போட்டுக்கோ" என்று ஒருவர் சொல்கிறார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த நிமிடத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது, கண்ணை விடப் புத்தகம் பெரியது என்று.

இதற்கு டீச்சரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் எல்லோரும் செய்வோம். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகளே செய்து பார்த்து, கண்டதை எழுதி, வகுப்பில் வாதாடுவதுதான் பாடம். அவர்கள் தேர்வையும் சேர்த்து மாற்றினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைக்கும் தேர்வு உண்டு. ஆயிரம் பள்ளிகள் வரை பரவிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

"பாடம் முடிக்கவே நேரமில்லை, எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு வேறு" என்று சொல்வீர்கள். நானும் ஈராசிரியர் பள்ளிக்காரன்தான், தெரியும். ஆனால் கடலைப் பாடத்தில் எழுதியது தமிழ், அளந்தது கணக்கு, பாடக்குறிப்பில் மூன்று பாடத்துக்கும் தாராளமாகக் காட்டலாம். பல வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருப்பது இதற்கு வசதியும்கூட. ஒன்றாம் வகுப்பு பார்த்துச் சொல்லும், ஐந்தாம் வகுப்பு எழுதும். சின்னதுகள் கண்ணுக்குப் படுவது பெரியதுகளுக்குப் படுவதில்லை என்பது என் கட்சி.

பெற்றோருக்கு ஒன்று. வீட்டுக் கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும், பிறகு இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக் குச்சியோடு ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பிள்ளை கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் பார்த்து வரையச் சொல்லுங்கள். ஒரு மாதம் செடிக்கு மருந்து அடிக்காதீர்கள். தாளிக்கக் கறிவேப்பிலை பக்கத்து வீட்டில் கேட்டால் தர மாட்டார்களா என்ன?