இரவல் கேமராவும் இலவசத் தீர்ப்பும்

போன வைகாசியில் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஏசி கிடையாது. மணமேடையைச் சுற்றி நான்கு பெரிய விளக்குகள், நடுவில் ஓமப் புகை. கெட்டிமேளம் தொடங்குவதற்குச் சற்று முன்பு என் கேமராவின் திரையில் வெப்ப எச்சரிக்கைக் குறி மின்னியது. தாலி கழுத்தில் ஏறும் நேரத்தில் ரெக்கார்டிங் நின்றுவிட்டது. இரண்டாவது கேமராவில் தம்பி எடுத்துக்கொண்டிருந்ததால் தப்பித்தோம். அதிலும் இரண்டு முடிச்சுதான் தெரிகிறது. மூன்றாவது முடிச்சின்போது நாத்தனாரின் முதுகு மறைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பாவிடம் வீடியோவைக் கொடுத்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கேமராவை வாங்குவதற்கு முன் பதினோரு மதிப்புரை வீடியோக்கள் பார்த்திருந்தேன். பின்னர் அவற்றைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஏழு வீடியோக்களில் ஒரே ஏரி, ஒரே மாடல் பெண், ஒரே சிவப்புக் குடை. நிறுவனம் எல்லோரையும் ஒரு மலை ஊருக்கு அழைத்துப்போய் இரண்டு நாள் கையில் கொடுத்திருக்கிறது. ஏழும் ஒரே இரவில், ஒரே மணிக்கு வெளியாகியிருக்கின்றன. ஏனென்றால் அதற்கு முன் வெளியிடக் கூடாது என்பது நிறுவனம் போட்ட நிபந்தனை. குளிர் காற்று அடிக்கும் ஏரிக்கரையில் எந்தக் கேமரா சூடாகும்?

'இந்த வீடியோவுக்கு நிறுவனம் பணம் தரவில்லை, இது என் சொந்தக் கருத்து' என்று அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். யாரையும் கைக்கூலி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் கையில் இருப்பது இரவல் பொருள். அடுத்த கேமரா வெளியாகும்போது அழைப்பு வருமா என்பதும், முதல் நாளே வீடியோ போட முடியுமா என்பதும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரு வாரம் தாமதமானால் பார்வையாளர்கள் வேறிடம் போய்விடுவார்கள். வீடியோவுக்குக் கீழே இருக்கும் இணைப்பு வழியாக நாம் வாங்கினால்தான் கமிஷன். 'வாங்காதீர்கள்' என்று சொல்பவருக்கு அதில் ஒரு பைசாவும் கிடைக்காது. யாரும் மிரட்ட வேண்டியதில்லை, இந்த ஏற்பாடே போதும்.

சில சமயம் அந்த எதிர்பார்ப்பு எழுத்திலேயே வந்துவிடுகிறது. 2024 ஆகஸ்டில் கூகுள் பிக்சல் போன்களை இலவசமாகப் பெறும் படைப்பாளிகளுக்கான நிபந்தனைகள் வெளியே கசிந்தன. போட்டி நிறுவனப் போன்களுக்கு முன்னுரிமை கொடுப்பதாகத் தெரிந்தால் உறவு முறிக்கப்படலாம் என்று அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வாசகத்தைத் தவறு என்று சொல்லி நீக்கிவிட்டார்கள்.

2020 ஜூலையில் கேனான் ஈஓஎஸ் ஆர்5 வந்தது. மிக நுணுக்கமான 8கே வீடியோவைச் சூடாகி நிற்காமல் சுமார் 20 நிமிடம் எடுக்கலாம் என்று கேனானே அறிவித்தது. அந்தக் கணக்கு 23 டிகிரி வெப்பத்தில் போட்டது. என் கேமரா வேறு நிறுவனத்துடையது, ஆனாலும் இந்த 23 என்ற எண் மனதில் தைத்துவிட்டது. சித்திரை, வைகாசியில் நம் மண்டபங்களில் 23 டிகிரியை எங்கே தேடுவது? எந்த வெப்பத்தில் சோதித்தேன் என்று ஒரு வரி சொல்ல எந்த மதிப்புரையாளருக்கும் தடையில்லையே.

எனக்கு நம்பிக்கை தந்த ஒரு சம்பவமும் உண்டு. நிக்கான் டி600 கேமரா 2012 செப்டம்பரில் வெளியானது. அடுத்த மாதமே அமெரிக்காவில் கேமரா வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தின் ரோஜர் சிகாலா, தங்களிடம் உள்ள டி600களில் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் வழக்கத்துக்கு மீறிப் புள்ளிகள் படிகின்றன, பெரும்பாலும் படத்தின் மேல் இடது பகுதியில் தெரிகின்றன என்று எழுதினார். அவர் கையில் இருந்தது காசு கொடுத்து வாங்கிய பல கேமராக்கள். ஒவ்வொன்றும் வாடகைக்குப் போய்த் திரும்பும்போது துடைத்துச் சுத்தம் செய்வது அவர்களுடைய அன்றாட வேலை. ஒரே ஒரு கேமராவை ஒரு வாரம் இரவல் வாங்கியவருக்கு அது எப்படித் தெரியவரும்? 2013 பிப்ரவரியில் நிக்கான் இந்தப் புள்ளிகள் பற்றி ஓர் அறிவுரை வெளியிட்டது. அக்டோபரில், சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டரை மாற்றி, அடுத்த மாடலாக டி610 வந்தது. 2014 பிப்ரவரியில்தான், உத்தரவாதக் காலம் முடிந்தவர்களுக்கும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், தங்குமிடம் பெற்றிருந்தாலும் பார்ப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மீறினால் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் 50 லட்சம் வரை. நல்ல விதிதான். ஆனால் 'பயணச் செலவு நிறுவனத்துடையது' என்று எழுதிவிட்டால் அந்த ஏரிக்கரை சூடாகிவிடுமா?

இப்போதெல்லாம் எதையும் வாங்குவதற்கு முன் மதுரையில் ஒரு வாடகைக் கடையில் எடுத்து இரண்டு கல்யாணங்களில் அடித்துப் பார்க்கிறேன். பிறகு பழுது பார்க்கும் அண்ணனிடம் போகிறேன். அவருடைய மேசையில், கேமராவைப் பிடிக்கும் இடத்தில் ஒட்டியிருந்து கழன்றுபோன பிடி ரப்பர்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. நம் ஊர் வியர்வையில் ஊறி உப்பியவை. எந்த மாடலுக்கு எத்தனை மாதத்தில் கழன்று வருகிறது என்று அவர் கையில் எடுத்தே சொல்லிவிடுவார். அவர் சொல்வதைப் பதினோரு வீடியோக்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

தமிழில் கேமரா வீடியோ போடும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. முதல் நாள் வீடியோவைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓராண்டு கழித்து, உங்கள் காசில் வாங்கிய அதே மாடலை ஏசி இல்லாத மண்டபத்தில் வைத்து இன்னொரு வீடியோ எடுங்கள். பிடி ரப்பரைப் பக்கத்தில் காட்டுங்கள். சர்வீஸ் பில்லையும் காட்டுங்கள்.